புளூசிப் என்று பெயர் வைத்தது யார்?

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர், "பையன் சொல்றான்னு கொஞ்சம் புளூசிப் வாங்கிப் போட்டிருக்கேன்" என்றார். அருகில் இருந்த மூத்த மளிகைக் கடைக்காரர், "சிப்ஸா? எந்தக் கம்பெனி அண்ணாச்சி? மார்ஜின் எவ்வளவு தர்றான்?" என்று கேட்டுவிட்டார். அவர் நினைத்தது உருளைக்கிழங்கு வறுவலை. எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் விடவில்லை. "சரி, எனக்குத் தெரியலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க. அது ஏன் புளூ? அது ஏன் சிப்?" என்றார். முப்பது பேர் இருந்த இடத்தில் உடனே வாய் திறந்தவர் எவரும் இல்லை.

பிறகு ஆளுக்கொரு விளக்கம் வந்தது. கணிப்பொறிக்குள் இருக்கும் சிப்தான் அது, பெரிய கம்பெனிகள் எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் அல்லவா என்றார் ஒருவர். நகை வியாபாரத்தோடு சம்பந்தமுள்ள இன்னொருவர், நீலக்கல்லைப் பட்டை தீட்டும்போது தெறிக்கும் துண்டு என்றார். அது உண்மையாக இருந்தால் நல்லதுதான். நீலக்கல் எல்லோருக்கும் ஒத்துவராது, நாலு நாள் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விரலில் போட வேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த எச்சரிக்கையாவது இந்தச் சொல்லோடு கூடவே வந்திருக்கும்.

இரண்டும் உண்மையல்ல. கணிப்பொறிச் சில்லு பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல் பங்குச் சந்தையில் புழங்கியது. நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். வெறும் சொல்லாராய்ச்சிக்காக இதழின் பக்கங்களை எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு சொல்லை நம்பி நம் உறுப்பினர்கள் சிலர் கடை முதலையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நமது இதழிலும் இதற்கு முன் "பாதுகாப்பான புளூசிப் பங்குகள்" என்று எழுதியிருக்கிறோம். அந்தத் தவறில் நமக்கும் பங்குண்டு.

சீட்டு மேசையில் பிறந்த சொல்

அமெரிக்காவில் போக்கர் என்றொரு சீட்டாட்டம். நம் ஊர் மூணு சீட்டுக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். மேசையில் ரொக்கத்தை வைத்து ஆடுவதில்லை. பணத்தைக் கட்டி வட்டவட்டமான வில்லைகளை வாங்கிக்கொள்வார்கள். நம் மனமகிழ் மன்றங்களில் ரம்மி ஆடுகிறவர்கள் டோக்கன் வாங்குவார்களே, அதேதான். இந்த வில்லைக்கு ஆங்கிலத்தில் சிப் என்று பெயர். வழக்கமான பழைய செட்டில் வெள்ளை, சிவப்பு, நீலம் என்று மூன்று நிறம் இருக்கும். வெள்ளை 1 டாலர், சிவப்பு 5 டாலர், நீலம் 10 டாலர் என்பது பழைய கணக்கு. சில இடங்களில் நீலத்துக்கு 25 டாலர். மூன்றிலும் மதிப்பு மிகுந்தது நீலம். ஆக, நீல வில்லை என்றால் பெரிய பந்தயம்.

ரொக்கம் இருக்கும்போது வில்லை எதற்கு? சீட்டுக் கிளப் நடத்துகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நூறு ரூபாய் நோட்டை மேசையில் வீசக் கை கூசும். அதையே ஒரு வில்லையாக்கிவிட்டால் கூசாது. இன்று கைபேசித் திரையில் பச்சையும் சிவப்புமாக ஓடும் எண்களைப் பார்த்துப் பட்டனை அழுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இந்தச் சொல் சீட்டு மேசையிலிருந்து பங்குச் சந்தைக்குப் போனதைப் பற்றித்தான் ஒரு கதை உலகமெங்கும் சொல்லப்படுகிறது. நியூயார்க்கில் டோ ஜோன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலிவர் கிங்கோல்ட் என்பவர், 1923 அல்லது 1924-இல் ஒரு தரகு நிறுவனத்தில் நின்றுகொண்டிருந்தாராம். அந்த நிறுவனம் பிற்காலத்தில் மெரில் லிஞ்ச் என்று புகழ்பெற்றது. அந்தக் காலத்தில் பங்கு விலைகள் தந்தி வழியே வந்து, ஒரு யந்திரத்திலிருந்து நீண்ட காகித நாடாவாக வெளிவரும். அதில் சில பங்குகள் 200 டாலர், 250 டாலர், அதற்கும் மேல் என்று கைமாறுவதைக் கண்ட அவர், உடன் இருந்த லூசியன் ஹூப்பர் என்ற நண்பரிடம், அலுவலகத்துக்குப் போய் இந்த நீல வில்லைப் பங்குகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றாராம். அன்று பிறந்தது புளூசிப் என்கிறார்கள்.

கதை அழகாக இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். கிங்கோல்ட் அவர்களே இதை முதலில் கண்டுபிடித்தார் என்றால், அவருக்கு முன் இந்தச் சொல் இருந்திருக்கக் கூடாது. ஆங்கிலச் சொற்களின் பிறப்பை ஆராயும் அகராதிகள், விலை உயர்ந்த சீட்டாட்ட வில்லை என்ற பொருளில் இதை 1873-லேயே காட்டுகின்றன. மதிப்பு மிகுந்த எதற்கும் இதை உவமையாகச் சொல்லும் வழக்கம் 1904-இல் வந்துவிட்டது. பங்குச் சந்தைப் பொருளில் அவை குறித்து வைத்திருக்கும் ஆண்டோ 1929. ஆகவே ஊரில் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருந்த பேச்சை அவர் பங்குகளுக்கு ஏற்றிச் சொல்லியிருக்கலாம். அவரைப் போல வேறு பலரும் சொல்லியிருக்கலாம். எந்தச் சொல்லுக்கும் ஒரே தகப்பனைத் தேடுவது ஊர்க்கதை சொல்பவர்களின் வழக்கம். கடைத்தெருவில் புழங்கும் சொற்களில் எதற்காவது நம்மால் பிறந்த தேதி சொல்ல முடியுமா?

கதை உண்மையா பொய்யா என்பதுகூட நமக்குப் பெரிதல்ல. உண்மை என்றே வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கிங்கோல்ட் எதைப் பார்த்தார்? அந்தக் கம்பெனிகளின் பேரேட்டையா? கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, எத்தனை ஆண்டு டிவிடெண்ட் கொடுத்தார்கள் என்பதையா? இல்லை. நாடாவில் ஓடிய விலையைப் பார்த்தார். விலை அதிகம், ஆகவே நீல வில்லை. அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பொருள். நல்ல சரக்கு என்று அவர் சொல்லவில்லை, விலை கூடிய சரக்கு என்றார். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை வேறு எந்தத் தொழில் செய்பவரையும்விட நாம் நன்றாக அறிவோம். வரத்துக் குறைந்த வாரத்தில் சொத்தை வெங்காயமும் விலை போகும்.

அகராதி குறித்து வைத்திருக்கும் 1929-ஆம் ஆண்டையும் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளில் மளமளவென்று ஏறிய பங்குகளைத்தான் அப்போது இப்படி அழைத்தார்கள். ரேடியோ கார்ப்பரேஷன் என்ற கம்பெனியின் பங்கு, சாதாரணப் பங்குதாரர்களுக்கு ஒரு காசு டிவிடெண்ட் கொடுக்காமலே விண்ணைத் தொட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி டோ ஜோன்ஸ் குறியீட்டு எண் 381. அக்டோபரில் சந்தை சரிந்தது. 1932 ஜூலை 8-ஆம் தேதி அது 41. நூறு ரூபாய் பதினோரு ரூபாயாயிற்று. பழைய உயரத்தைத் திரும்பத் தொட்டது 1954 நவம்பரில். இடையில் 25 ஆண்டுகள். அப்பா வாங்கியது மகன் தலையெடுத்த பிறகுதான் அசலுக்கு வந்தது. பங்குச் சந்தையில் இந்தச் சொல்லுக்குப் பெயர்சூட்டு விழா நடந்த ஆண்டின் லட்சணம் இது.

அதே நீல நிறத்தை வைத்து அமெரிக்காவில் இன்னொரு சொல்லும் உண்டு. கான்சாஸ் மாநிலம் 1911-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒன்றுமில்லாத கம்பெனிகளின் பங்குகளை விவசாயிகள் தலையில் கட்டுவதைத் தடுக்க வந்த சட்டம். நீல வானத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத பங்குகள் என்று பேச்சு எழுந்ததால், அத்தகைய சட்டங்களுக்கு நீல வானச் சட்டங்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரே நாட்டில், ஒரே தொழிலில், வில்லைக்குச் சேர்ந்தால் நீலம் உயர்வு, வானத்துக்குச் சேர்ந்தால் நீலம் மோசடி. நிறத்தில் ஒன்றும் இல்லை.

பட்டியலில் இருந்தவர்கள் எங்கே?

"பெயர் எங்கிருந்து வந்தால் என்ன, இன்றைக்கு அது நல்ல கம்பெனியைத்தானே குறிக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்குப் பழைய பட்டியல்களைப் புரட்டிப் பார்ப்போம்.

டோ ஜோன்ஸ் தொழில் குறியீடு 1896 மே 26-ஆம் தேதி 12 கம்பெனிகளோடு தொடங்கியது. அந்தப் பட்டியலைப் படித்தால் ஏதோ நம் கடைச் சரக்குப் பட்டியலைப் படிப்பது போல இருக்கிறது. பருத்தி விதை எண்ணெய்க் கம்பெனி, சர்க்கரைக் கம்பெனி, புகையிலைக் கம்பெனி, சாராயமும் மாட்டுத் தீவனமும் செய்யும் கம்பெனி, தோல் கம்பெனி, ரப்பர் கம்பெனி, இரண்டு எரிவாயுக் கம்பெனிகள் என்று போகிறது. அன்றைய அமெரிக்காவின் பெரும் புள்ளிகள் இவை. தோல் கம்பெனி 1952-இல் கலைக்கப்பட்டே போயிற்று. 12-இல் பேரோடு நீடித்த ஜெனரல் எலெக்ட்ரிக், இடையில் விலகி மீண்டும் 1907-இல் சேர்ந்து, 111 ஆண்டுகள் தொடர்ந்து இருந்துவிட்டு, 2018-இல் வெளியே போடப்பட்டது.

கடைக்காரர்களான நமக்கு உறைக்கக்கூடிய பெயர் உல்வொர்த். ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான் விற்று நாடெங்கும் கடை பரப்பிய கம்பெனி. 1997-இல் டோ பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, அதே ஆண்டில் அமெரிக்காவில் அந்தக் கடைகளையும் மூடினார்கள். இன்னொரு பெரும் கடைக் கம்பெனியான சியர்ஸ் 1999-இல் நீக்கப்பட்டு 2018-இல் திவால் மனு கொடுத்தது. போட்டோ பிலிம் என்றாலே கோடக் என்றிருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2004-இல் நீக்கம், 2012-இல் திவால் மனு. ஜெனரல் மோட்டார்ஸ் பட்டியலில் இருக்கும்போதே 2009 ஜூனில் திவால் மனு கொடுத்து, அதன் பிறகே நீக்கப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 1986-இல் 30 கம்பெனிகளோடு தொடங்கியது. அந்த முப்பதில் அம்பாசடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்சும் உண்டு, பத்மினி கார் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்சும் உண்டு. அன்று அம்பாசடர் ஓடாத சாலை இல்லை. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. அந்த முப்பதில் பெரும்பாலானவை இன்று பட்டியலில் இல்லை.

இவையெல்லாம் காலத்தால் தேய்ந்தவை. மோசடியால் ஒரே நாளில் போனதும் உண்டு. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் சென்செக்சிலும் இருந்தது, நிப்டியிலும் இருந்தது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய பணம் கையில் இல்லை என்று கடிதம் எழுதினார். சுமார் 7,000 கோடி ரூபாய்க் கதை அது. அன்று ஒரே நாளில் பங்கு விலையில் முக்கால் பாகத்துக்கு மேல் போய்விட்டது. காலையில் புளூசிப், மாலையில் வெறும் சிப்.

அடுத்ததை நம் கடைக் கல்லாவிலேயே உணர்ந்தோம். 2020 மார்ச் 5-ஆம் தேதி ரிசர்வ் வங்கி யெஸ் பேங்கின் செயல்பாட்டை முடக்கி, கணக்கு ஒன்றுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்றது. அந்த வங்கியின் வழியாக இயங்கிவந்த போன்பே மறுநாள் வேலை செய்யவில்லை. சரக்கை வாங்கிக்கொண்டு போனைக் கையில் வைத்துத் திண்டாடிய வாடிக்கையாளர்களை நம்மில் பலர் பார்த்தோம். அந்த நாளிலும் அது நிப்டி 50 பட்டியலில் இருந்த பங்குதான்.

இத்தனை பேர் விழுந்தும் குறியீட்டு எண் ஏறிக்கொண்டே போகிறதே, எப்படி? இதில் மாயம் இல்லை. சொத்தையான சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டுப் புதுச் சரக்கை வைத்துக்கொண்டே வருகிறார்கள். அலமாரி எப்போதும் பளபளப்பாகத்தான் இருக்கும். எடுத்துப்போட்ட சரக்கு எங்கே போயிற்று என்றால், பெயரை நம்பி வாங்கிப் பீரோவில் வைத்தவர் வீட்டில் இருக்கிறது. அவருடைய பட்டியலைத் திருத்த யாரும் வருவதில்லை.

அளவு எங்கே, முத்திரை எங்கே?

நம் தொழிலில் ஒரு பெயரைச் சொல்லி விற்பதென்றால் அதற்குப் பின்னால் ஒரு அளவு நிற்கிறது. நெய்யிலும் தேனிலும் மசாலாப் பொடியிலும் அக்மார்க் முத்திரை போடுவதற்கு 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஈரப்பதம் எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று தரம் தரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஈரோடு மஞ்சள் என்ற பெயருக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊர் மஞ்சளை அந்தப் பெயரில் மூட்டை கட்டினால் குற்றம். நம் தராசுக்கும் எடைக் கற்களுக்கும் காலாகாலத்தில் முத்திரை போட்டாக வேண்டும், தவறினால் அபராதம். மாதிரி எடுத்துப் போன பொருள் ஆய்வகத்தில் தேறாவிட்டால், செய்தவன் எவனோ, வழக்குக்கு அலைகிறவர்கள் நாம். இதையெல்லாம் பட்டும் படித்தும் தெரிந்துகொண்ட நாம், புளூசிப் என்றதும் மட்டும் முத்திரை எங்கே என்று கேட்காமல் பணத்தை எடுத்துக் கொடுக்கிறோம்.

சட்டப்படி புளூசிப் என்று ஒரு தரம் கிடையாது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, பரஸ்பர நிதிகளுக்காக 2017 அக்டோபரில் ஓர் அளவு வகுத்தது. அது லார்ஜ் கேப் என்பதற்கு. எல்லாப் பங்குகளின் விலையையும் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் சந்தை மதிப்பில் முதல் 100 இடத்தில் இருப்பவை லார்ஜ் கேப். இதுவும் உருவத்தைச் சொல்லும் அளவுதான். குணத்தைச் சொல்லும் அளவல்ல. விலை ஏறினால் மதிப்பு ஏறும், மதிப்பு ஏறினால் பட்டியலில் ஏறலாம். கிங்கோல்ட் நாடாவைப் பார்த்துச் சொன்னதற்கும் இதற்கும் வெகுதூரம் இல்லை. ஆனாலும் இதற்கு ஓர் எழுத்துமூலமான வரையறை இருக்கிறது. புளூசிப் என்பதற்கு அதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். சொன்னதற்காக யாரும் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை.

பெயரை நம்பி இழந்த பாடம் தமிழ்நாட்டு வணிகர்களுக்குப் புதிதல்ல. 1990-களில் தெருவுக்கு ஒன்றாக முளைத்த நிதி நிறுவனங்களுக்கு எத்தனை நல்ல நல்ல பெயர்கள்! சாமி பெயர், ஊர்ப் பெயர், பெனிபிட், செக்யூரிட்டி என்று பலகை முழுக்க நம்பிக்கை. வங்கியைவிடப் பல சதவீதம் கூடுதல் வட்டி. மூடியபின் வாசலில் நின்றவர்களில் கடைக்காரர்கள் எத்தனை பேர் என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். முதலீட்டாளர் நலன் காக்க மாநில அரசு 1997-இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. பெரிய கம்பெனியின் பங்கையும் அந்த நிதி நிறுவனங்களையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அது வேறு, இது வேறு. இரண்டு இடத்திலும் நம்மைக் கணக்குப் பார்க்கவிடாமல் செய்தது பெயர் என்பதை மட்டுமே சொல்கிறோம்.

மண்டிக்காரர் பணம்

நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை, அவர் அனுமதியோடு, பெயரில்லாமல் எழுதுகிறோம். மளிகைக் கடை, நல்ல ஓட்டம். 2019 தீபாவளி முடிந்த கையோடு கல்லாவில் 8 லட்சம் ரூபாய் சேர்ந்திருந்தது. அதில் பெரும்பகுதி பருப்பு மண்டிக்கும் எண்ணெய் ஏஜென்சிக்கும் கொடுக்க வேண்டியது. நமக்குத் தெரிந்ததுதானே, பழைய பில்லைக் கட்டப் புது வரவு வந்துகொண்டே இருக்கும், ஆகவே கையில் எப்போதும் ஒரு தொகை நிற்பது போலத் தோன்றும். கடைக்கு வந்துபோகும் தரகு நிறுவனத்துப் பையன், "அண்ணாச்சி, சும்மா ஏன் வச்சிருக்கீங்க? இது புளூசிப். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றான். பையன் பொய் சொல்லவில்லை. அவன் வாங்கித் தந்தவை எல்லாம் பெயர்பெற்ற கம்பெனிகளே.

2020 ஜனவரியில் சென்செக்ஸ் 42,000-ஐத் தொட்டபோது அவருக்கும் மகிழ்ச்சி. மார்ச் மாதம் கொரோனா வந்தது. 23-ஆம் தேதி ஒரே நாளில் சென்செக்ஸ் 3,935 புள்ளிகள் சரிந்து 25,981-இல் நின்றது. ஊரடங்கில் எல்லாக் கடைகளும் மூடிக் கிடக்க, மளிகைக் கடை மட்டும் திறந்திருந்ததும், ஜனங்கள் வரிசையில் நின்றதும் நமக்கு மறக்காது. விற்பனை கொட்டியது, ஆனால் சரக்கு இல்லை. மண்டியில் கடன் என்ற பேச்சே கிடையாது, பழைய பாக்கியைக் கட்டிவிட்டு ரொக்கத்தோடு வா என்றார்கள். வேறு வழியின்றி அந்த வாரமே பங்குகளை விற்றார். 8 லட்சம் போட்டதற்கு 5 லட்சம் வந்தது.

அதே பங்குகள் அந்த ஆண்டு தீபாவளிக்குள் பழைய விலைக்குத் திரும்பிவிட்டன. நவம்பரில் சென்செக்ஸ் 43,000-ஐத் தாண்டியது. "பங்கு மேல தப்புச் சொல்ல மாட்டேங்க. அது நின்னுச்சு. நான்தான் நிக்க முடியலை. அது என் பணம் இல்லையே, மண்டிக்காரர் பணம்" என்றார் அவர். நாம் இதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட இந்த ஒரு பேச்சில் விஷயம் இருக்கிறது.

சம்பளக்காரர் ஒருவர் பத்தாண்டுக்குத் தேவைப்படாத பணத்தைப் பங்கில் போடுவதும், நாம் சுழல் முதலைப் பங்கில் போடுவதும் ஒரே காரியம் அல்ல. நம் லட்ச ரூபாய்க்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. சரக்கில் போட்டு மாதம் ஒரு முறை சுழன்று, வாடகையும் கூலியும் போக நூற்றுக்கு 2 ரூபாய் நின்றாலே ஆண்டுக்கு 24,000 ரூபாய். ரொக்கத்துக்கு வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி அதற்கு மேல். இதைவிட உறுதியாகத் தரும் எந்தப் பங்கையும் நாம் கண்டதில்லை. உபரி என்பது பாக்கி எல்லாம் கட்டி, அடுத்த சீசன் கொள்முதலுக்கும் எடுத்து வைத்து, வீட்டுச் செலவும் தள்ளிய பின் நிற்பது. அப்படி நிற்கும் பணத்தில் நல்ல கம்பெனிப் பங்கு வாங்குவதை நாம் ஒருபோதும் குறை கூற மாட்டோம். பழைய பங்குப் பத்திரங்கள் சில குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருப்பதை அறிவோம். பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு அது உதவியிருக்கிறது.

இன்னும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இப்போது கடைத்தெருவில் பரவுவது இதுதான். புளூசிப் தானே, பயம் இல்லை என்று சொல்லி, முழுப் பணமும் கட்டாமல் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டி, ப்யூச்சர், ஆப்ஷன் என்று வாங்க வைக்கிறார்கள். அதே கம்பெனியின் பெயர்தான், ஆனால் சரக்கு வேறு. இதற்குக் கெடு தேதி உண்டு. பங்கு திரும்பி வரும்வரை காத்திருக்க இடம் கிடையாது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இப்படி வியாபாரம் செய்த தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் பணம் இழந்தார்கள். எண்ணிக்கையில் ஒரு கோடிக்கும் மேல். ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல். நூற்றில் 93 பேர் தோற்கும் சீட்டு மேசையை எந்த மனமகிழ் மன்றமும் வைத்திருக்காது. ஆள் வராது.

பெயர் வைத்தது கிங்கோல்ட்டா வேறொருவரா என்பதில் நமக்கு வழக்கில்லை. வைத்தவர் யாராக இருந்தாலும் சீட்டு மேசையைப் பார்த்து வைத்தார், விலையைப் பார்த்து வைத்தார். பத்திரமானது என்ற பொருளை அதில் ஏற்றியவர்கள் பின்னால் வந்த விற்பனையாளர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தரகு நிறுவனம் ஒன்றிலிருந்து பேச வருவதாகக் கேட்டிருக்கிறார்கள். வரட்டும், வரவேற்போம். நிர்வாகக் குழு சார்பில் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். புளூசிப் என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தினால், அதற்கு என்ன அளவு என்பதை ஒரு தாளில் எழுதி, நிறுவனத்தின் முத்திரையிட்டுத் தர வேண்டும். அந்தத் தாள் சங்க அலுவலகத்தில் விலைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டப்படும். உறுப்பினர்கள் தங்கள் கேள்விகளை 10-ஆம் தேதிக்குள் செயலாளரிடம் எழுதித் தரலாம். மூத்த மளிகைக் கடைக்காரர் தன் கேள்வியை அன்றே கொடுத்துவிட்டார்.